பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் கையெழுத்து: நோட்டரியிடம் என்ன செய்வது?

வணக்கம். அப்பாவின் வங்கிக் கணக்குப் பணத்துக்காக அம்மா பெயரில் முத்திரைத்தாளில் ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்து நோட்டரி பப்ளிக்கிடம் சான்று வாங்க வேண்டும். அம்மாவுக்கு பக்கவாதம் வந்து வலது கை சுத்தமாக வரவில்லை. நினைவும் பேச்சும் தெளிவு. இடது கையில் பேனா பிடித்தால் முதல் எழுத்து மட்டும் ஓரளவு வருகிறது, மீதி கிறுக்கலாகிவிடுகிறது. ஆனால் பான் கார்டிலும் வங்கியிலும் பழைய கையெழுத்துதான்.

எழுத முடியாதவர் வைக்கும் அடையாளமும் கையெழுத்தாகவே கொள்ளப்படும் என்று 1897 பொது விதிகள் சட்டம் சொல்கிறது. அதனால் இடது பெருவிரல் ரேகை போதும் என்றே நினைக்கிறேன். இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: ரேகையா, இடது கைக் கையெழுத்தா, எதை வங்கி தகராறில்லாமல் ஏற்கிறது? எல்லாப் பக்கத்திலும் வைக்க வேண்டுமா? படித்துக் காட்டி, புரிந்துகொண்டு வைத்தார் என்ற வரியை யார் எழுதுவது, சாட்சி இருவர் தேவையா? டாக்டர் சான்றும் இணைப்பது நல்லதா?

ஓரிடத்தில் கேட்டதற்கு, “அம்மா வர வேண்டாம், ரேகை மட்டும் வாங்கிட்டு வாங்க” என்றார்கள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. நோட்டரி கண் முன்னால் வைப்பதுதானே முறை? அவருடைய பதிவேட்டிலும் அம்மாவின் ரேகை இருக்க வேண்டும். நாளை யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அம்மாதான்.

அப்புறம், மதுரையில் வீட்டுக்கே வந்து செய்து தரும் நோட்டரி யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். மாடிப்படி இறக்கி அழைத்துப் போவது அவருக்குப் பெரிய சிரமம்.