தொலைந்த டெப் கோப்பை நிறுவிய கணினியிலிருந்தே மீட்டது: உங்கள் அனுபவம் என்ன?

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன தமிழ் நூலகம் நடத்துகிறோம். கணினி வேலை என் தொண்டூழியம். நூல்களுக்கு லேபிள் அடிக்கப் பழைய பிரிண்டர் ஒன்று உண்டு. அதைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரைச் செய்த நிறுவனம் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, இணையதளமும் இல்லை. டிரைவர் இருந்த ஒரே இடம், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு பழைய 32 பிட் கணினி. அதை நிறுவப் பயன்பட்ட டெப் கோப்பு, அதாவது டெபியனில் மென்பொருளை நிறுவும் பொதிக் கோப்பு, தொலைந்துவிட்டது. அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

முதலில், மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் டெபியன் கருவியான ஆப்ட் பதிவிறக்கி வைக்கும் கோப்புறையைப் பார்த்தேன். இல்லை. யாரோ தளத்திலிருந்து நேராக இறக்கி நிறுவியது, அங்கே எப்படி இருக்கும்? கோப்புகளை மட்டும் நகலெடுத்துப் புதுக் கணினியில் போட்டேன். பிரிண்டர் பட்டியலில் பெயர் வந்தது, காகிதம் அசையவில்லை.

அப்புறம்தான் டிபிகேஜி-ரீபேக் என்ற கருவி நினைவுக்கு வந்தது. ஒரு பொதியை நிறுவும்போது அதன் கோப்புப் பட்டியலையும், நிறுவலின் முன்னும் பின்னும் ஓடும் ஸ்கிரிப்டுகளையும், எந்தெந்தப் பொதிகளை நம்பியிருக்கிறது என்ற விவரத்தையும் டெபியனின் நிறுவல் நிரலான டிபிகேஜி தன்னிடம் எழுதி வைத்துக்கொள்கிறது. ரீபேக் அவற்றை எடுத்து, வட்டில் இருக்கும் கோப்புகளோடு சேர்த்து மறுபடி ஒரு டெப் கட்டித் தருகிறது. ஆனால் வட்டில் இப்போது எது இருக்கிறதோ அதைத்தான் கட்டும். டிஸ்க் கெட்டுக்கொண்டிருந்ததால் முதலில் கோப்புகளைச் சரிபார்க்கும் டெப்சம்ஸ் கருவியை ஓட்டி, எந்தக் கோப்பும் சிதையவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். இதை யாரும் தவிர்க்காதீர்கள்.

புது 64 பிட் கணினி அந்த டெப்பை ஏற்கவில்லை, கட்டமைப்பு பொருந்தவில்லை என்றது. ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பையும் டிபிகேஜியில் சேர்த்து, ஆப்ட் வழியாக நிறுவியதும் தேவையான 32 பிட் நிரல் நூலகங்களை (டிரைவர் பயன்படுத்தும் பொது நிரல் துண்டுகளை) அதுவே கொண்டுவந்தது. அவை இல்லாததால்தான் நகலெடுத்தபோது அச்சடிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. முதல் லேபிள் வெளியே வந்தபோது பக்கத்தில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். உண்மையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த மகிழ்ச்சியில் ஒரு தப்பும் செய்தேன். அறையிலுள்ள மற்றக் கணினிகளிலிருந்தும் அச்சடிக்க வசதியாக ஒரு கணினியில், அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திருத்தியிருந்தேன். அதே டெபியன் பதிப்பு ஓடும் இன்னொன்றில் திரும்பத் திருத்துவானேன் என்று, கப்ஸ் பொதியையும் ரீபேக் செய்து அதில் போட்டேன். சில வாரம் கழித்துப் பாதுகாப்பு அப்டேட் வந்தது. மறுநாள் அந்த இரண்டாவது கணினி வழியாக யாராலும் அச்சடிக்க முடியவில்லை. நாம் திருத்திய அமைப்புக் கோப்பை டிபிகேஜி கேட்காமல் மாற்றாது. ஆனால் ரீபேக் செய்த பொதியில் என் திருத்தமே மூலக் கோப்பாகப் பதிந்துவிட்டது. நான் எதையும் தொடவில்லை என்று டிபிகேஜி நம்பி, ஒரு வார்த்தை கேட்காமல் புதியதை மேலே எழுதிவிட்டது. ஆப்டிலேயே கிடைக்கும் பொதிக்கு இந்த வேலை வேண்டாம். திருத்திய கோப்பைத் தனியாக எடுத்து வைத்தாலே போதும்.

மறுமொழி, உட்லண்ட்ஸிலிருந்து:
அண்ணே, நான் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் ஆர்பிஎம்ரீபில்டு கருவியை வைத்து இதே வேலையைச் செய்தேன். ஏதாவது கோப்பு மாறியிருந்தால் அதைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கிறது. வெளியீட்டு எண்ணை மாற்றலாமா என்றும் கேட்கும். நான் மாற்றினேன், மூலப் பொதியோடு குழம்பாமல் இருந்தது. ஒரு சந்தேகம்: டிரைவர் ஓடும்போது தானாக உண்டாக்கிய கோப்புகளும் உங்கள் டெப்பில் வந்தனவா?

முதலில் எழுதியவர்:
இல்லை தம்பி. பொதியின் பட்டியலில் இருப்பது மட்டும்தான் வரும். லேபிள் அளவுகளைச் சேமித்த கோப்பு ஓப்ட் கோப்புறைக்குள் தனியாகக் கிடந்தது, அதைப் பென்டிரைவில் கொண்டுபோனேன். டெப்பின் விளக்கத்தில் மறுபடி கட்டிய தேதியை ரீபேக்கே சேர்த்திருந்தது. நான் கோப்புப் பெயரிலும் தேதி போட்டு, இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். பழைய டிஸ்க் போன மாதம் முழுதாக நின்றுவிட்டது.