ஞாயிறு ஓவியக் குழு: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

காக்ஸ்டவுன் மாடிவீடு எழுதியது:

நானே ஆரம்பித்து வைக்கிறேன், இல்லையென்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டீர்கள். 'வெள்ளை மேல் வெள்ளை' வாரம் ஞாபகம் இருக்கிறதா? வேட்டியை விரித்து அதன் மேல் இரண்டு முட்டை, தேங்காய் மூடி, ஊறுகாய் ஜாடி, ஒரு முழம் மல்லி. மல்லி நான் கொண்டு வந்தது. பத்து மணிக்கே வாடிப் பழுப்பாகிவிட்டது, அதற்கும் என்னைத்தான் கிண்டல் செய்தீர்கள்.

வாட்டர்கலரில் வெள்ளையை வரைவது எப்படிப்பட்ட தலைவலி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பேப்பர்தான் வெள்ளை. எங்கே பிரஷ் படாமல் தப்பிக்கிறோம் என்பதுதான் மொத்த வேலையும். அன்றைக்கு இரண்டாவது முட்டையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் பயந்து பயந்து வண்ணம் வைத்தேன். உருண்டை வந்துவிட்டது. ஆனால் துணி மேல் உட்காராமல் பலூன் மாதிரி மிதந்தது. அடியில் நிழல் வேண்டும், எனக்கே தெரிந்தது. போடலாமா, போட்டால் கெட்டுவிடுமா என்று பிரஷ்ஷை ஈரம் காயக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. "ஒரு நிமிஷம்மா." நம் குழுப் பெரியவர்களில் ஒருவர். என் பிரஷ்ஷை வாங்கி, என் பேலட்டிலேயே இரண்டு தொடு தொட்டு, முட்டைக்கு அடியில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. முட்டை உட்கார்ந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் "ஆஹா" என்றார்கள். நானும் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

அந்தத் தேங்க்ஸ்தான் உறுத்துகிறது.

படம் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. போன மாதம் மாமியார் ஊரிலிருந்து வந்தார். கிட்டப் போய் நின்று பார்த்து, கண்ணாடி மேல் விரலை வைத்து, "இந்த நிழல் எவ்ளோ நல்லா வந்திருக்கு பாரு" என்றார். அவ்வளவு பெரிய படத்தில் அந்த ஓர் அங்குலம்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. கெட்டுப்போயிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

பாறைக்குருவி எழுதியது:

மாடிவீடு அக்கா, அது யார் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். என் கதையைச் சொல்கிறேன்.

நம் பெங்களூரு லால்பாக் பூங்காவில் 'பாறை' வாரம். ஒரே நிறம், இருபது நிமிடம், அழிக்கக்கூடாது என்பது விதி. முன்னூறு கோடி வருடப் பாறை மேல் உட்கார்ந்துகொண்டு இருபது நிமிடம் போதவில்லை என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். கெம்பே கவுடா கோபுரத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எதிரே கோபுரம் நிற்க, நான் பார்த்துப் போட்டது முந்தின நாள் மாலை போனில் எடுத்த போட்டோவை. வெளிச்சம் அதில் அழகாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

பாறையைக் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, ஆரணிப் பக்கமாம், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நிழல் அந்தப் பக்கம்ல விழும் தம்பி, காலைல?" என்றார். நான் சமாளித்தேன். இது சும்மா, கற்பனை என்றேன். "இல்ல, நான் தினம் அந்த நிழல்ல உக்காந்துதான் டிபன் சாப்பிடுறேன், அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டப் போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தேன். நிழலில் பாறையோடு ஒட்டினாற்போல் எவர்சில்வர் தூக்கு ஒன்று இருந்தது. அது என் படத்தில் இல்லை. போட்டோவிலும் இல்லை.

அக்கா, ஒரே ஒரு விஷயம். அந்த அம்மா என் பேப்பரைத் தொடவில்லை. சொன்னார், போனார். திருத்துவது என்றால் அப்படி இருக்கவேண்டும்.

ரிட்டயர்டு டிராஃப்ட்ஸ்மன் எழுதியது:

பாறைக்குருவி தம்பிக்கு ஒரு வார்த்தை. திருத்துவதற்குச் சட்டம் கிட்டம் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, டிரேசிங் முடித்து, வரைபடத்தைச் சரிபார்க்கும் செக்கர் மேஜையில் வைத்தால் சிவப்புப் பென்சிலால் கிழித்துத்தான் திரும்பி வரும். யாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கை பிடித்து எழுதக் கற்ற தலைமுறை நாங்கள். அரிசியில் விரலைப் பிடித்து 'அ' போட்டவரிடம் போய், என் விரலை ஏன் தொட்டீர்கள் என்று கேட்போமா?

இருக்கட்டும். இங்கே பல பேருக்கு நிழல் என்றாலே பயம் இருப்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில், கருப்பு டியூபைத் திறக்கவே வேண்டாம். அதில் கலந்த சாம்பல் செத்த சாம்பல், பேப்பரில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். அல்ட்ராமரின் நீலமும், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் போதும். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த நிழல், சியன்னா தூக்கலாக இருந்தால் வெயிலடித்த சுவர். இரண்டையும் பேலட்டில் போட்டுக் கூழாகக் கலக்கிவிடாமல் பேப்பரிலேயே சேரவிட்டால் அல்ட்ராமரின் குருணை குருணையாகத் தங்கும், அதுதான் அழகு. முட்டைக்கு அடியில் இருப்பதும் அதேதான். நீலம் ஒரு பங்கு கூட, முட்டை துணியைத் தொடும் இடத்தில் மட்டும் சியன்னா.

இரண்டாவது, ஈரத்தில் பார்க்கும்போது சரியாக இருந்தால் காய்ந்த பிறகு வெளுத்துப்போகும். வாட்டர்கலர் அப்படித்தான். அதனால் மனது ஒப்பாத அளவுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடவேண்டும், பயந்தால் ஆகாது. அக்ரிலிக் போடுகிறவர்கள் இதைக் கேட்காதீர்கள், உங்களுக்கு அப்படியே தலைகீழ். மூன்றாவது, பேப்பர். கனம் குறைந்தது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), முடிந்தால் பருத்திக் காகிதம். பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் வாஷ், அதாவது தண்ணீர் தூக்கலான வண்ணப் பூச்சு, போட்டுவிட்டு, பேப்பர் அலை அலையாகிறது என்று என்னிடம் வராதீர்கள். நவம்பர் மழையில் எதுவும் காயாது, ஹேர் டிரையர் கொண்டு வரலாம், வெட்கமில்லை. நான்காவது, ஓவியர் வெங்கடப்பா ஊட்டியை வரைந்த வாட்டர்கலர்களைப் பாருங்கள். அவர் பெயரிலேயே கஸ்தூரிபா சாலையில் கேலரி இருக்கிறது. பனிக்குள் மலை எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எத்தனை முறை ஒரே இடத்தில் மெல்லிசாக வாஷ் மேல் வாஷ் போட்டிருப்பார் மனுஷன்!

என் சம்பவம் கேட்டீர்கள். 'சமையலறைச் சாமான்' வாரத்தில் வீட்டிலிருந்து அருவாமனை எடுத்து வந்தேன். ஒரு சின்னப் பெண், யார் கூட்டி வந்த குழந்தையோ, "இது யாரோடது தாத்தா?" என்றாள். வாஷ் காயட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை.

சிவாஜிநகர் பஸ் எழுதியது:

திருத்துவது பற்றி அப்புறம் சண்டை போடுங்கள். படத்தைக் கேட்டால் கொடுப்பதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

ரஸ்ஸல் மார்க்கெட், 'சந்தை முகங்கள்' வாரம். நான் குழுவுக்குப் புதுசு. எல்லோரும் 1927ல் கட்டிய அந்த முகப்பையும் கடிகாரத்தையும் வரைய உட்கார, எனக்குக் கட்டடம் வராது என்பதால் பூக்கார அம்மாவிடம் போனேன். தமிழ் கேட்டதும் ஸ்டூல் போட்டார். நாற்பது நிமிடம் கனகாம்பரம் தொடுத்துக்கொண்டே உட்கார்ந்தார். முகம் வந்துவிட்டது. எனக்கு முகம் வந்த முதல் நாள் அது. மூக்குத்திக்கு மட்டும் ஒரு புள்ளி பேப்பர் விட்டிருந்தேன், அது பளிச்சென்று மின்னியது.

காட்டினேன். "எனக்கா?" என்றார். நான் அதைக் கொடுப்பதற்காகக் காட்டவில்லை. ஆனால் கேட்ட பிறகு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்றேன். கையில் வாங்கி, ஒரு தரம் பார்த்து, இரண்டாக, அப்புறம் நாலாக மடித்து, சுருக்குப் பையில் போட்டுக் கயிற்றை இழுத்துவிட்டார். கழுத்துப் பக்கம் இன்னும் ஈரம். அடுத்த ஆள் மல்லிக்கு விலை கேட்க, "முழம் முப்பது" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

மடிப்பு சரியாக மூக்குத்தி மேல்தான் விழுந்திருக்கும். போட்டோகூட எடுக்கவில்லை. அப்புறம் இரண்டு முறை அந்தப் பக்கம் போனேன், ஆள் இல்லை. இருந்திருந்தால் மட்டும் என்ன கேட்டிருப்பேன், பையைத் திறங்கள் என்றா?

அரைக் கப் காபி எழுதியது:

பஸ், கொடுத்தாயிற்று, விடு. சுருக்குப் பையில் பணத்தோடு இருக்கிறது, அதைவிடப் பத்திரமான இடம் எது? நாங்கள் குமாரகிருபா சாலையில் நடக்கும் ஓவியச் சந்தையான சித்திரச் சந்தைக்குப் போய் நடைபாதையில் பிங்க் பூ பூக்கும் டபேபுயா மரப் படங்களாக அடுக்கி வைத்து, சாயங்காலம் வரை உட்கார்ந்து, ஆறு பேருமாகச் சேர்ந்து ஒரே ஒரு படம் விற்றோம். அதையும் வாங்கினவர் சோபா நிறத்துக்கு மேட்ச் ஆகிறதா என்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டுத்தான் வாங்கினார்.

டிராஃப்ட்ஸ்மன் சார், உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் செக்கர் கதை இங்கே ஒட்டாது. டிரேசிங்கில் கோடு தப்பினால் மெஷின் பார்ட் தப்பும், அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முட்டை மிதந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மிதக்கட்டுமே. அரிசியில் எழுத உட்கார்ந்த குழந்தைக்கு மூன்று வயது சார், மாடிவீடு அக்காவுக்கு ஐம்பத்திரண்டு.

காக்ஸ்டவுன் மாடிவீடு எழுதியது:

வயதையெல்லாம் எதற்கு இழுக்கிறாய்!

டிராஃப்ட்ஸ்மன் சார், உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நிழலில் என்ன நிறம் என்று நான் எழுதவே இல்லையே. முட்டை துணியைத் தொடும் இடத்தில் சியன்னா இருப்பதை இப்போதுதான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. இத்தனை நாள் எனக்கே தெரியாது.

பாறைக்குருவி எழுதியது:

நான் சொல்லவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.

ரிட்டயர்டு டிராஃப்ட்ஸ்மன் எழுதியது:

சரிம்மா. நான்தான். அன்றைக்கு நீங்கள் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கை தானாகப் போய்விட்டது. வீட்டிலும் இதே குணத்துக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன், கோலத்தில் புள்ளி தப்பினால்கூட நான் குனிந்துவிடுவேன்.

படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள். அல்ட்ராமரினும் சியன்னாவும் அப்படியொன்றும் பிடிவாதமான நிறங்கள் இல்லை, ஈர பிரஷ்ஷால் நனைத்து நனைத்து டிஷ்யூவால் ஒற்றினால் பெரும்பாலும் எழும்பிவிடும். மெல்லிய கறை கொஞ்சம் நிற்கும். அதன் மேல் நீங்களே போட்டுக்கொள்ளலாம். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

காக்ஸ்டவுன் மாடிவீடு எழுதியது:

எடுக்கணும்னு யார் சார் சொன்னது?

அடுத்த ஞாயிறு என்ன தலைப்பு என்று யாராவது போடுங்கள். முட்டை வாங்கி வைக்கவேண்டும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். சார், அந்த அருவாமனையை மறுபடி கொண்டு வாருங்கள். நான் அன்றைக்கு வரவில்லை, எனக்கும் வரையவேண்டும்.