லிஃப்ட் மேலே போய்க்கிட்டே இருக்கு, எடை மட்டும் ஏன் இறங்குது?

பதினொன்னு_பி: எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல முள் வச்ச எடை மெஷின் மேல ஏறி நின்னேன். என் எடை 60 கிலோ. கிளம்பினதும் முள் 63-க்குத் தாவுச்சு, ரெண்டே நொடியில 60-க்கு வந்துடுச்சு. லிஃப்ட் இன்னும் மேலதானே போகுது? விசை கூடுதலா வேணாமா?

வாத்தி: சீரான வேகம்னா நிகர விசை சுழி, அதாவது மேல தள்ளுற விசையும் கீழ இழுக்குற விசையும் சமம். நியூட்டனின் முதல் விதி.

லிஃப்ட்காரன்: வாத்தியார் ஒரே வரியில முடிச்சிட்டார்! தம்பி, லிஃப்ட் சர்வீஸ்தான் என் பொழப்பு. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தைப் பிடிக்க ரெண்டு நொடி ஆச்சுன்னா முடுக்கம், அதாவது நொடிக்கு நொடி வேகம் கூடுற அளவு, 0.5. புவியீர்ப்பு முடுக்கம் 9.8. தரை உன்னை 60 × (9.8 + 0.5) = 618 நியூட்டன்ல தள்ளணும். மெஷின் அதை 9.8-ஆல வகுத்து 63-னு காட்டுது. வேகம் பிடிச்சப்புறம் முடுக்கம் கிடையாது, 60 × 9.8 = 588 நியூட்டன் போதும். மோட்டாரும் மொத்தப் பாரத்தைத் தூக்கலை. ரோப்போட மறுமுனையில எதிர்எடை தொங்குதே.

பதினொன்னு_பி: அப்போ கீழ வந்து நிக்கும்போது 57 காட்டுமாண்ணா?

லிஃப்ட்காரன்: கீழ கிளம்பும்போதுதான் 57. நிக்கும்போது வேகம் குறையுதுல்ல, முடுக்கம் மேல்நோக்கி. மறுபடி 63-தான். இப்போ வர்ற டிரைவ், அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற கருவி, முடுக்கத்தையே மெதுவா ஏத்தி இறக்கும். பழைய ரெண்டு ஸ்பீடு மோட்டார் லிஃப்ட் எங்கயாவது கிடைச்சா அதுல ஏறிப் பாரு, முள் ஆடுற ஆட்டமே வேற.