கண்ணம்பாடி அணையும் தங்கவயலும்

அனைவருக்கும் வணக்கம்.

மேட்டூர் திறப்பு பற்றிப் பேச்சு ஓடும்போதெல்லாம் கண்ணம்பாடி அணையை (கிருஷ்ணராஜசாகர்) நாம் மைசூர் வயலுக்கும் தஞ்சாவூர் வயலுக்கும் நடந்த வழக்காகவே சொல்லி வருகிறோம். அதில் ஒரு தங்கச் சுரங்கமும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி 1880இல் கால் வைத்தது. குழி ஆழமாக ஆழமாக, நீராவி இயந்திரம் ஓட்டும் செலவும் ஏறியது. மைசூர் அரசு சிவசமுத்திரத்தில் காவிரி அருவியை வைத்து மின்சாரம் எடுத்தது. 1902இல் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து அதைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூருக்கு மின்விளக்கு வந்ததே 1905இல்தான்!

சரி, கோடையில் ஆறு வற்றினால்? சுரங்கம் நிற்கக் கூடாது. அதற்காக அருவிக்கு மேலே ஆற்றில் தண்ணீரைத் தேக்கியாக வேண்டும். பாசனத்தோடு இந்தத் தேவையும் சேர்ந்துதான் 1911இல் கண்ணம்பாடியில் அணை வேலை தொடங்கியது. டெல்டா காய்ந்துவிடும் என்று சென்னை அரசு மல்லுக்கு நின்றது. 1914இல் நடுவர் கிரிஃபின் தீர்ப்பு, அதன்மேல் சென்னையின் முறையீடு, கடைசியில் இரு அரசுகளுக்கும் இடையே 1924 ஒப்பந்தம். 1934இல் நமக்கு மேட்டூர் கிடைத்தது அந்த வழியில்தான்.

அந்தத் தங்கத்தை வெட்டியவர்களும் நம் மக்களே. வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தலித் குடும்பங்கள்தான் அதிகம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த அடியில் பாறையைத் தொட்டால் கை பொத்துப்போகும், சூடு 60 டிகிரிக்கு மேல். திடீரென்று பாறை வெடித்துச் சரிந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். தப்பியவர்களில் பலருக்கு நுரையீரலில் கல்தூசி. 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே போனது. அவர்களுக்கு மிஞ்சியது தகரக் கூரை லைன் வீடுகளும், காற்றடித்தால் தூசி பறக்கும் சயனைடு மேடுகளும் (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுமண்). 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். இன்று அந்த ஊர்க்காரர்கள் விடியும் முன்பே ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சங்க மலரில் காவிரி பற்றிய கட்டுரை வரப்போகிறது அல்லவா? அதில் தங்கவயலுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். எழுதித் தர நான் தயார். உங்கள் குடும்பத்தில் யாராவது அங்கே வேலை பார்த்திருந்தால், பழைய படமோ சம்பளச் சீட்டோ இருந்தால், ஆடிப்பெருக்குக்கு முன் அனுப்பிவையுங்கள்.