செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வழி தேவை

வணக்கம். ஏற்காட்டில் நிற்கும் எனது 2002-ஆம் ஆண்டுப் பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டுமே வருகிறது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுவதாலும், செல்ஃப் மோட்டாரை இயக்கும் மின்காந்த சுவிட்சான சோலினாய்டுக்கு மின்சாரம் வருவதாலும், எர்த் வயர் இறுக்கமாக இருப்பதாலும், செல்ஃப் மோட்டாரின் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்தான் தேய்ந்திருக்கும் என்று கருதுகிறேன். அந்த மோட்டாரோ எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலான தடுப்பான ஃபயர்வாலை ஒட்டி ஒளிந்திருக்கிறது. கீழ் போல்ட்டில் ஸ்பானர் பிடிக்கிறது, மேல் போல்ட்டோ கண்ணுக்குத் தெரியாமல் விரல் நுனியில் மட்டும் தட்டுப்படுகிறது. மேனிஃபோல்டைக் கழற்றாமல், நீண்ட எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் கொண்டு கீழிருந்தே மேல் போல்ட்டைத் திறந்தவர்கள் இருந்தால் முறையைக் கூறுங்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டும் பிரேக் பூஸ்டர் உதவாது என்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைக் கட்டி இழுத்து இறக்க எனக்குத் துணிவில்லை. மோட்டாரை மட்டும் சேலத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நம்பகமான ரீவைண்டிங் கடை எந்தப் பகுதியில் உள்ளது?