குதிரை லயத்தில் கிடைத்த இரும்புக் கலப்பை: எக்காலத்தது, எப்படிச் சீர்செய்வது?

கேள்வி: கந்தப்பளை விவசாயி

வணக்கம். கந்தப்பளைக்கு மேலே என் பெரியப்பா வாங்கியிருக்கும் மரக்கறித் தோட்டத்தின் எல்லையில், பழைய துரை பங்களா ஒன்றின் குதிரை லயம் கூரையில்லாமல் நிற்கிறது. அதற்குள் குவிந்திருந்த தகரங்களை அகற்றியபோது மூன்று இரும்புக் கருவிகள் கிடைத்தன. பழைய இரும்பு வியாபாரியிடம் நிறுத்துக் கொடுத்துவிடலாம் என்று பெரியப்பா சொல்கிறார். அவை என்னவென்று அறியாமல் கொடுக்க எனக்கு மனமில்லை.

முதலாவது, முழுவதும் இரும்பாலான ஒரு கலப்பை. அதற்கு இரண்டு நீண்ட கைபிடிகளும், வலப்பக்கம் முறுகிச் செல்லும் நீளமான தகடும், முன்னால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு சக்கரங்களும் உள்ளன. ஏர்க்காலின் நுனியில் துளைகள் கொண்ட ஒரு பட்டை இருக்கிறது. உடலில் வார்க்கப்பட்ட ஆங்கில எழுத்துகளில் ‘இப்ஸ்விச்’ என்பதை மட்டுமே வாசிக்க முடிகிறது. மற்றவற்றின் மேல் கிரீசும் மண்ணும் இறுகிவிட்டன. இரண்டாவது, ஒற்றைச் சக்கரமும் ஐந்து பற்களும் உள்ள இலேசான சட்டம். அதன் அகலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நெம்புகோல் உண்டு. மூன்றாவது, அருகருகே பொருத்திய இரண்டு வார்ப்பிரும்பு உருளைகள். வண்டிக்கு இருப்பதுபோல் இரண்டு ஏர்க்கால்களைப் பூட்டும் கொண்டிகள் அதில் எஞ்சியுள்ளன.

இவற்றைக் குதிரை இழுத்ததா, மாடு இழுத்ததா? சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவில் இல்லாதது, ஒன்று உடைந்து வேறொன்றை மாட்டியதாலா? ஊரிலுள்ள பெரியவர்கள் இது நுவரெலியாவில் முன்பு பண்ணை அமைத்த பேக்கர் துரை கொண்டுவந்த கலப்பை என்கிறார்கள், அப்படி இருக்கக்கூடுமா? துருவை நீக்கக் கிரைண்டர் பிடிக்கலாமா?

மறுமொழி: வெலிமடை வாசகர்

தம்பி, முதலில் சக்கரங்களைப் பற்றிச் சொல்கிறேன். அவை அப்படித்தான் இருக்க வேண்டும். கைபிடிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பெரிய சக்கரம் வலப்பக்கமும் சிறியது இடப்பக்கமும் இருக்கும். பெரியது முன்பு வெட்டிய சாலின் அடியில் உருளும். சிறியது இன்னும் உழாத மேல்நிலத்தில் உருளும். இரண்டின் உயர வேறுபாடே உழவின் ஆழம். அச்சுகளை மேலும் கீழும் நகர்த்தி இறுக்கத் திருகுகள் இருக்கும், பாருங்கள். ஏர்க்கால் நுனியிலுள்ள துளைப்பட்டையும் இதே வேலைக்கு உதவுவது. இழுவைச் சங்கிலியை மேல் துளையில் கொளுவினால், மண்ணை வெட்டும் முனையாகிய கொழு ஆழமாக இறங்கும். பக்கவாட்டில் மாற்றினால் சாலின் அகலம் கூடும் அல்லது குறையும். நம் மரக்கலப்பை மண்ணைக் கீறிவிட்டுப் போகும். இதுவோ, நீண்ட தகட்டினால் மண்ணைப் பாளமாக வலப்பக்கம் புரட்டிக் கவிழ்க்கும்.

குதிரையா மாடா என்பதைக் கலப்பையை வைத்து முடிவுசெய்ய முடியாது. பூட்டும் முறையை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். மாடு திமிலுக்கு முன்னால் வைத்த நுகத்தால் இழுக்கும்; ஆகவே நுகத்தின் நடுவிலிருந்து ஒரு சங்கிலி வந்தால் போதும். குதிரை தோளில் மாட்டிய தோல் வளையத்தால் இழுக்கும். அதன் இரு பக்கமும் வரும் சங்கிலிகள் கால்களில் உரசாதிருக்க, பின்னால் ஒரு குறுக்குக்கட்டை வேண்டும். இரண்டு குதிரைகளுக்கு இரண்டு குறுங்கட்டைகளும், அவற்றைச் சேர்க்கும் ஒரு நெடுங்கட்டையுமாக மூன்று தேவைப்படும். மரத்தைக் கறையான் தின்றிருந்தாலும் நடுவளையங்களும் நுனிக்கொக்கிகளும் அந்த லயத்து மண்ணில் கிடக்கலாம். அவற்றைத் தேடி எடுங்கள். இதே கலப்பையை ஒரு சங்கிலியைக் கொண்டு மாட்டுக்கும் பூட்டியிருக்க முடியும் என்பதால், அந்தக் கொக்கிகளே சாட்சி.

இரண்டாவது, ஒரு குதிரை வரிசைகளுக்கு இடையே நடந்து இழுக்கும் களையெடுப்புக் கருவி. பயிர் வரிசையின் இடைவெளிக்கு ஏற்ப அகலத்தை மாற்றவே அந்த நெம்புகோல். இவ்வகையில் பிலடெல்பியாவின் எஸ். எல். அலன் நிறுவனம் ‘பிளானெட் ஜூனியர்’ என்ற பெயரில் செய்தவை பல நாடுகளுக்குச் சென்றன. சட்டத்திலும் நெம்புகோலிலும் அந்தப் பெயர் உண்டா என்று தேடிப்பாருங்கள்.

மூன்றாவது வயலுக்கு உரியதன்று என்றே நினைக்கிறேன். உருளைகளின் ஓரம் கூர்மையாக இல்லாமல் மழுங்க வளைந்திருந்தால், அது புல்தரையைச் சமன்செய்யும் உருளை. ஒரே உருளையாக இருந்தால் திரும்பும்போது புல்லைப் பிய்த்துவிடும். இரண்டாகப் பிரித்தால் ஒன்று மெதுவாகவும் மற்றது வேகமாகவும் சுழன்று சுகமாகத் திரும்பும். நுவரெலியாவில் 1875இல் குதிரைப் பந்தயத் திடலும் 1889இல் கோல்ப் கழகமும் வந்துவிட்டன. துரைமாரின் பங்களாக்களிலும் டென்னிஸ் புல்தரைகள் இருந்தன. புல்லில் குளம்புத் தடம் பதியாதிருக்க, இவ்வகை உருளைகளையும் புல்வெட்டும் இயந்திரங்களையும் இழுத்த குதிரைகளுக்குத் தோலால் சப்பாத்து மாட்டுவது அக்கால வழக்கம். நம் ஆட்கள் வெறுங்காலுடன் மலையேறிய காலம் அது.

மறுமொழி: பட்டறைக்காரர், ஹட்டன்

கிரைண்டரைத் தொடவே வேண்டாம். அந்தக் கிரீசும் பழைய வண்ணப்பூச்சுமே உங்களுக்கு இருக்கும் ஆவணம். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எழுத்துகளின்மேல் ஓரிரவு போட்டுவைத்து, மறுநாள் மூங்கில் சீவலால் சுரண்டுங்கள். கொழு, தகடு, உடல் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எழுத்தோ எண்ணோ வார்க்கப்பட்டிருக்கும். அவை உதிரிப்பாகத்தின் மாதிரிக் குறிகள். எல்லாவற்றையும் படமெடுத்து எழுதிவைத்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல் ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும்.

கொழுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரின் ராபர்ட் ரான்சம் 1803இல் காப்புரிமை பெற்ற முறையில், கொழுவை வார்க்கும்போது அதன் அடிப்பக்கம் மட்டும் குளிர்ந்த இரும்பு அச்சின்மேல் படும். அதனால் அடிப்பக்கம் சட்டென்று இறுகிக் கண்ணாடிபோல் கடினமாகும். மேற்பக்கம் மெதுவாக ஆறி மென்மையாக இருக்கும். உழும்போது மேற்பக்கம் விரைவாகத் தேய்ந்துகொண்டே இருப்பதால், கொழு தன்னைத்தானே தீட்டிக்கொள்ளும். இத்தகைய கொழுவை உலையில் பழுக்கவைத்தால் அந்தக் கடினம் போய்விடும். சம்மட்டியால் தட்டினால் உடைந்துவிடும். தேய்ந்திருந்தால் தேய்ந்தபடியே விடுங்கள். கைபிடியும் ஏர்க்காலும் பெரும்பாலும் தேனிரும்பு; அவற்றைச் சூடேற்றி நிமிர்த்தலாம். வார்ப்பு உடலில் விரிசல் இருந்தால் சாதாரண வெல்டிங் கம்பி பிடிக்காது. முழுத்துண்டையும் முதலில் சூடாக்கி, நிக்கல் கம்பியால் சிறிது சிறிதாக ஒட்டி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும்.

இறுகிய நட்டுகளுக்கு, அசிட்டோனும் ஓட்டோமெட்டிக் கியர் எண்ணெயும் சம அளவில் கலந்து சில நாட்கள் விட்டுக்கொண்டே இருங்கள். அந்தக் கலவை தீப்பற்றும்; ஆகவே ஈரம் காயாமல் அருகில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. மில்லிமீட்டர் ஸ்பனர் போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கும். அவை விட்வர்த் என்ற பழைய பிரித்தானிய அங்குல அளவின. சதுர நட்டுகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய அறுகோண நட்டுகளைப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

சிறிய பாகங்களின் துருவை மின்சாரத்தால் நீக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஐந்து லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, பற்றரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும் நேர்முனையை உதவாத இரும்புத் துண்டிலும் கொடுங்கள். முனைகளை மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகமே கரையும். நேர்முனைக்கு எவர்சில்வரைப் பயன்படுத்தக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஐதரசன் வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். பாகத்தைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் கழுவிய இரும்பு அன்று மாலைக்குள் மறுபடி சிவந்துவிடும் என்பதால், எடுத்தவுடன் அடுப்பருகே வைத்து நன்றாக உலர்த்தி, இளஞ்சூட்டிலேயே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய படலமாகத் தேயுங்கள். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

கேள்வி கேட்டவர்: கந்தப்பளை விவசாயி

ஐயா இருவருக்கும் நன்றி. மண்ணெண்ணெய் போட்டதில் எழுத்துகள் தெளிவாகிவிட்டன. ‘ரான்சம்ஸ், சிம்ஸ் அண்ட் ஜெஃபரீஸ்’ என்றும் ‘இப்ஸ்விச்’ என்றும் இருக்கிறது. தகட்டின் பின்புறம் ‘வை’, ‘எல்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் உள்ளன. லயத்தின் மூலையைக் கிளறியதில் நடுவளையம் ஒன்றும், நுனிக்கொக்கிகள் நான்கும் கிடைத்தன. உருளைகளின் ஓரம் மழுங்கியே இருக்கிறது. பேக்கர் விடயம் என்னவாகிறது?

மறுமொழி: வெலிமடை வாசகர்

அது முடிந்துவிட்டது, தம்பி. சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் பண்ணை அமைக்க இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கருவிகளையும் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அவர் 1855இல் இலங்கையை விட்டுப் போய்விட்டார். இப்ஸ்விச் நிறுவனம் பங்காளிகள் மாறும்போதெல்லாம் பெயரை மாற்றிக்கொண்டே வந்தது. ‘ரான்சம்ஸ், சிம்ஸ் அண்ட் ஜெஃபரீஸ்’ என்ற பெயர் 1884இல் வந்தது. ஆகவே உங்கள் கலப்பை அதற்குப் பிந்தியது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில் அல்லது அதற்கும் பின்னர் வந்திருக்க வேண்டும். ‘வை. எல்.’ என்பது அவர்கள் நெடுங்காலம் செய்து விற்ற இலேசான குதிரைக் கலப்பை. அந்த நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் இங்கிலாந்தின் ரெடிங் நகரிலுள்ள ஆங்கிலக் கிராமிய வாழ்வு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாகக் குறிகளின் படங்களை அனுப்பிக் கேட்டால் ஆண்டை இன்னும் நெருக்கமாக அறிய வழியுண்டு.

நான்கு கொக்கிகள் என்றால் இரண்டு குறுங்கட்டைகளின் நுனிகள். ஆகவே இரட்டைக் குதிரைப் பூட்டு. நீங்கள் இருக்கும் சரிவில் இது உழுதிருக்காது என்பது என் கருத்து. ஒரே பக்கம் மண் புரட்டும் கலப்பையைச் சரிவின் குறுக்கே ஓட்டினால், போகும்போது மண்ணைக் கீழே தள்ளும். வரும்போது மேலே தள்ள முடியாமல் திணறும். ஆற்றோரத்துச் சமதரையில்தான் வேலை செய்திருக்கும். தேயிலை மலையில் மண் கிளறும் முள்ளும் மண்வெட்டியும் நம்மவர் கைகளும்தான் நிலத்தைத் திருத்தின.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களையே தொல்பொருள் என்கிறது. இது அதில் அடங்காது. நாட்டுக்கு வெளியே அனுப்புவதென்றால் மட்டும், 1988ஆம் ஆண்டின் கலாசார ஆதனச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டுமா என்று தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிட வேண்டும். பெரியப்பாவுக்கு இடம்தான் பிரச்சினை என்றால், கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பேசிப் பாருங்கள். அது 1925இல் கட்டிய தொழிற்சாலையில் இயங்குகிறது, பழைய இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள்.

மறுமொழி: பட்டறைக்காரர், ஹட்டன்

லொறியில் ஏற்றுவதானால் ஏர்க்காலில் கயிறு கட்டித் தூக்குங்கள். வளைந்த தகட்டிலோ சக்கரத்திலோ கட்டவேண்டாம். கட்டைகளுக்குப் புதிய மரம் கடைவதற்கு முன் கிடைத்த வளையத்தின் உள்விட்டத்தை அளந்துவிடுங்கள். பழைய கட்டையின் பருமன் அதுதான். முடிச்சில்லாத, நேர் இழையுள்ள மரமாகப் பார்த்து எடுத்தால் போதும்.