உடுமலைத் தோட்டத்துச் சாளைக்கு உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி சரிப்படுமா?

உடுமலை_அம்மிணி:
உடுமலைக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டைச் சுற்றி ஒன்றேகால் ஏக்கர் இருக்கிறது. முன்பக்கம் 40 சென்ட் அருகம்புல், சமதரை, கல் பொறுக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறோம். பின்னால் தென்னை, 25 அடிக்கு ஒரு மரம், சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது. மீதி, இட்டேரி வண்டிப்பாதையை நோக்கி இறங்கும் சரிவு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்ச் சாரல் விழுந்துவிட்டால் புல் முழங்காலைத் தொடுகிறது. பிரஷ் கட்டர் அடிக்கிறவர் அந்த நேரத்தில்தான் ஊருக்கே தேவைப்படுகிறார், போனை எடுப்பதில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன், 42 அங்குலம் வெட்டும் ரைடு-ஆன் மோவர் வாங்கலாம் என்கிறான். மாமியாரோ, அந்தப் பணத்துக்கு இரண்டு எருமை வாங்கிக் கட்டினால் புல்லும் தீரும், மோரும் மிஞ்சும் என்கிறார். ஓட்டப்போவது நான்தான். மூட்டு வலி இருப்பதால் நடந்து தள்ளும் வண்டி வேண்டாம். எதைப் பார்த்து வாங்குவது?

ஆனைமலைத்_தோப்பு:
மாமியார் பேச்சைக் கேளுங்கள். அது முடியாதென்றால் சின்ன டிராக்டரும் பின்னால் மாட்டும் ஸ்லாஷரும் போதும். புல்லை வெட்டித் தென்னைக்கே மூடாக்காகப் போட்டுவிடலாம், பாரமும் இழுக்கும், வாடகைக்கும் போகும். பவர் டில்லர், பவர் வீடர் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியத்துக்கும் எழுதிப் போடலாம். புல்தரைக்கென்று தனி வண்டி வைப்பது ஓட்டல்காரர்களுக்குச் சரி.

கவுண்டம்பாளையம்_ஸ்பேனர்:
அக்கா, ஒன்றேகால் ஏக்கர் என்று மொத்தமாகச் சொன்னால் வண்டி விற்கிறவருக்கு மகிழ்ச்சி. உடனே பெரிய வண்டியைக் காட்டுவார். இடத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

தென்னைப் பக்கம் ரைடு-ஆனைக் கொண்டுபோகவே வேண்டாம். மரத்தைச் சுற்றி 6 அடிக்குப் பாத்தி போனால் இரண்டு மரத்துக்கு நடுவே 13 அடிதான் மிச்சம். இடம் போதவில்லை என்பதல்ல என் கவலை. புல்லுக்குள் மட்டைத் துண்டும் குரும்பையும் மறைந்து கிடக்கும். சொட்டுநீர்க் குழாயைப் பிளேடு கவ்வினால் பிளேடைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும். அறுத்து எடுப்பதற்குள் ஒரு பொழுது போய்விடும். எங்கள் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதி, எஞ்சின் கெட்டு வருவதில்லை; வெங்கச்சங்கல்லிலோ கட்டையிலோ அடித்து ஸ்பிண்டில் வளைந்து வருபவைதான். தோப்புக்கு ஆனைமலைக்காரர் சொல்லும் ஸ்லாஷரை வாடகைக்கு வரவழையுங்கள். மரத்தடியில் பிரஷ் கட்டரில் நைலான் நரம்பு போட்டு அடிக்கட்டும், இரும்புப் பிளேடு மரப்பட்டையைக் காயப்படுத்தும்.

சரிவுக்கு ஒரு கணக்கு. 10 அடி நேர்ப்பலகையின் ஒரு நுனியை மேட்டில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தால் பலகையைச் சமன் செய்யுங்கள். மறுநுனிக்கும் தரைக்கும் இடைவெளி 2 அடி 8 அங்குலம் இருந்தால் சரிவு 15 டிகிரி. அதற்கு மேல் இந்த வண்டிகள் ஏறக்கூடாது. அதற்குக் கீழே என்றாலும் மேலும் கீழுமாகத்தான் ஓட்டவேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும்.

ஆக, வண்டிக்கு வேலை அந்த 40 சென்ட்டில்தான், அதாவது ஏறக்குறைய 17,400 சதுர அடி. 30 அங்குல வண்டியே மெதுவாக ஓட்டினாலும் திருப்பங்களையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். 42 எதற்கு? அந்த அளவு வண்டிக்குப் புல் கொட்டும் வாயையும் சேர்த்தால் மொத்த அகலம் 4 அடியைத் தாண்டும். உங்கள் படல் வாசல் எத்தனை அடி?

உடுமலை_அம்மிணி:
படல் அளந்தேன், நாலே கால் அடி. சரிவு 3 அடிக்கு மேல் காட்டுகிறது, அதை விட்டுவிடுகிறேன். கியர் வண்டியா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா? பிறகு பெட்ரோல் பற்றி ஒருவர் பயமுறுத்தினார்.

கவுண்டம்பாளையம்_ஸ்பேனர்:
மூட்டு வலி என்றீர்களே, ஹைட்ரோஸ்டாட்டிக்கே எடுங்கள். மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் கிளச்சை அழுத்தி நிறுத்தவேண்டியதில்லை.

பெட்ரோல் பயம் வெற்றுப் பயமில்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது; சிறிய எஞ்சின்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 விழுக்காடுதான் அனுமதிக்கின்றன. வாங்கும் வண்டி எவ்வளவு தாங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தை முதல் சித்திரை வரை வண்டி சும்மா நிற்குமல்லவா, அப்போது டாங்க்கை வடித்து, கார்புரேட்டர் காயும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

பிளேடைச் சாணை பிடித்தபின் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் படுத்த மாதிரி நிற்கவேண்டும். இதைச் செய்யாமல் மாட்டினால் வண்டி அதிரும், பேரிங் போகும். இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும். தொந்தரவு என்று அதன் ஒயரை முடிச்சுப் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பேரன் பேத்திகள் வரும் வீடென்றால் வண்டி ஓடும்போது அவர்கள் சாளைக்குள் இருக்கட்டும். மடியில் உட்காரவைத்து ஒரு சுற்று போவது வேண்டவே வேண்டாம்.

பெல்ட், பிளேடு, ஏர் ஃபில்ட்டர் மூன்றும் கோவையில் கையிருப்பில் உண்டா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். சாதாரண வி-பெல்ட்டை அளவு பார்த்து மாட்டினால் ஓடும்தான், ஆனால் பிளேடு சுழலும் அடிப்பகுதியான டெக்குக்கு நீண்டநாள் தாங்காது.

ஆனைமலைத்_தோப்பு:
ஸ்லாஷர் வாடகைக்கு வேண்டுமானால் ஆனி பிறப்பதற்கு முன்பே சொல்லிவையுங்கள் அம்மிணி. சாரல் விழுந்தபின் நானும் போனை எடுக்கமாட்டேன்.